பயாஸ்

கணினிக்கு மின்சாரம் கிடைத்ததும், இயங்குதளம் நினைவகத்தில் ஏறும் முன்பே, நினைவகம், விசைப்பலகை, வட்டு முதலியவற்றைச் சோதித்து ஆயத்தப்படுத்தும் நிலைபொருள் பயாஸ் எனப்படும். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆன சொல் இது. 1970களின் நடுவில் கேரி கில்டால், தாம் எழுதிய சிபி/எம் இயங்குதளத்தில், பொறிக்குப் பொறி மாறுபடும் பகுதியைத் தனியே பிரித்து இப்பெயரிட்டார். ஆதலால் அன்று அது இயங்குதளத்தின் ஓர் உறுப்பே. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் தாய்ப்பலகையின் ரோம் சில்லுக்குள் அது குடியேறி, தொடக்கச் சோதனையையும் ஏற்றுக்கொண்டபோதே இன்றைய பொருள் நிலைபெற்றது.

மேசைக் கணினியில் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்பி, ‘சீமாஸ் செக்சம்’ பிழை திரையில் தோன்றினால், பயாஸே கெட்டுவிட்டதாகக் கருதுவது அவசரமாகும். ஏனெனில் கடிகாரத்தையும், பழைய பலகைகளில் பயனர் செய்த அமைப்புகளையும் காப்பது சீமாஸ் என்னும் சிறு நினைவகமும் அதற்கு மின்னூட்டும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியுமே. யூஇஎஃப்ஐ என்னும் புதிய முறை பயாஸின் இடத்தைப் பிடித்த பின்னும், பழுதுபார்ப்போர் வாயிலும் தயாரிப்பாளர் கையேடுகளிலும் பழைய பெயரே புழங்குகிறது.