சிரிப்பின் இலக்கு

ஒரு சமுதாயம் எதைக் கண்டு அழுதது என்பதை அதன் காவியங்கள் சொல்லும். எதைக் கண்டு சிரித்தது என்பதையும் வரலாற்றில் குறித்து வைக்க வேண்டும். ஏனெனில் சிரிப்பில் மனிதன் தன்னை மறைத்துக்கொள்வதில்லை. தமிழ்த் திரைப்படத்தின் நகைச்சுவை வரலாற்றை இந்நோக்கில் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1931-இல் 'காளிதாஸ்' வெளிவந்தபோது, தமிழில் பேசிய படம் மேடையின் பிள்ளையாகவே பிறந்தது. கூத்தில் கட்டியங்காரனும் நாடகத்தில் பபூனும் கதைக்கு வெளியே நின்று வேடிக்கை காட்டி வந்தனர். அவர்களுக்குக் கதையில் இடம் இல்லை. ஆனால் கதை மாந்தர் எவருக்கும் இல்லாத ஓர் உரிமை இருந்தது. அரசனையும் கேலி செய்யலாம் என்பதே அவ்வுரிமை.

அவ்வுரிமையைத் திரைக்குக் கொண்டுவந்து பொறுப்போடு கையாண்டவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1936-இல் வந்த 'சதிலீலாவதி'யில் நடித்த அவர், டி.ஏ. மதுரத்துடன் இணைந்து மூட நம்பிக்கையையும் குடிப்பழக்கத்தையும் சாதிச் செருக்கையும் சிரிப்புக்கு உள்ளாக்கினார். 1949-இல் வந்த 'நல்லதம்பி'யில், நந்தனார் சரிதம் சொல்லும் காலட்சேப முறையை எடுத்துக்கொண்டு, கல்வியால் உயர்ந்த 'கிந்தனார்' கதையைச் சொன்னார். பழைய வடிவத்தில் புதிய அறம் புகுந்தது. அவருடைய நகைச்சுவையில் மதுரம் வெறும் துணைப் பாத்திரம் அல்லர். எதிர்வாதம் செய்யும் சமமான பெண் என்பதும் நினைக்கத்தக்கது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று 1947-இல் விடுதலையான பின்னரும் அவர் சிரிப்பில் கசப்பு ஏறவில்லை. 1957-இல் அவர் மறைந்தார்.

ஐம்பதுகளில் பாணி மாறியது. 'கல்யாண பரிசு' (1959) படத்தில் மனைவியிடம் எழுத்தாளன் என்று புளுகித் திரியும் கே.ஏ. தங்கவேலு, நடுத்தரக் குடும்பத்தின் போலிக் கௌரவத்தை நமக்குக் காட்டினார். ஜே.பி. சந்திரபாபுவோ உடலையே சிரிப்பின் மொழியாக்கினார். தூத்துக்குடியில் பிறந்து, பனிமய மாதாவின் பெயரையே தம் பெயரில் தாங்கிய அவர், மேலைநாட்டு நடனத்தையும் பாட்டு முறையையும் சென்னைத் தெருப் பேச்சோடு கலந்தார். உயரப் பறந்து, வறுமையில் 1974-இல் முடிந்தது அவர் வாழ்வு.

1964-ஆம் ஆண்டை ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். அவ்வாண்டில் வந்த 'காதலிக்க நேரமில்லை' முழுப்படமுமே நகைச்சுவையாக அமைந்தது. அதே ஆண்டின் 'சர்வர் சுந்தரம்', சிரிக்க வைப்பவனையே கதைத்தலைவனாக்கி, அழகில்லாதவன் என்று ஒதுக்கப்படுபவனுக்கும் இதயம் உண்டு என்று காட்டியது. அதுவரை கதைக்கு வெளியே நின்றவன் நாகேஷின் உருவில் உள்ளே வந்தான். அவனுக்காக நாம் அழவும் செய்தோம்.

எண்பதுகளில் கதை மீண்டும் கிராமத்திற்குச் சென்றது. கவுண்டமணியும் செந்திலும் இணைந்த காலம் அது. 'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் வரும் வாழைப்பழ வாதத்தை அறியாத தமிழர் அரியர். மேலதிகாரம் காட்டும் எவரையும் கவுண்டமணியின் நாக்கு விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. ஆனால், அடிக்கும் கையும் அடிபடும் முதுகும் அங்கே நிலையாயின. கறுப்பு நிறமும் வழுக்கையும் பருத்த உடலும் சிரிப்புக்குரியனவாயின. திரையரங்கில் நாமும் சேர்ந்தே சிரித்தோம். மறுநாள் வகுப்பறையில் அதே சொற்கள் யார் மீது விழுந்தன என்று எண்ணிப் பார்த்தோமா?

பின்வந்த இருவர் இரு வழியில் இதற்கு விடை தேடினர். விவேக், கலைவாணரின் மரபைத் தொடர்ந்து மூட நம்பிக்கையையும் ஊழலையும் சாடினார். 'சின்னக் கலைவாணர்' என்றே அழைக்கப்பட்டு, 2021-இல் மறைந்தார். வடிவேலு அடியைத் தாமே வாங்கிக்கொண்டார். 'வின்னர்' (2003) படத்தின் கைப்பிள்ளை வீரம் பேசி உதைபடும்போது, நம்முடைய வெற்றுப் பெருமையே அங்கு உதைபடுகிறது. தோற்றவன் தன் தோல்வியைத் தானே சொல்லிச் சிரிப்பதில் ஒரு விடுதலை உண்டு.

தனியே எழுதிக் கதையோடு ஒட்டவைக்கும் நகைச்சுவைப் பகுதி இன்று பெரிதும் அருகிவிட்டது. 'சூது கவ்வும்' (2013) போன்ற படங்களில் கதையே நகைமுரணாயிற்று. 'மண்டேலா' (2021) படத்தில், பெயர்கூட மறுக்கப்பட்ட ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை வாக்குக்காக ஊரின் இரு சாதிகளும் அவன் காலடிக்கு வருகின்றன. யோகி பாபுவின் தோற்றத்தைக் கேலி செய்து பழகிய கண்கள், அங்கே ஊரைப் பார்த்துச் சிரிக்கின்றன. கலைவாணர் தொடங்கிய வட்டம் ஓரளவு நிறைவு பெறுகிறது எனலாம்.

பாணிகள் மாறுவது இயல்பு. மேடை, கொட்டகை, தொலைக்காட்சி, கைப்பேசி என்று களம் மாறுந்தோறும் சிரிப்பின் வேகமும் மாறும். ஆயினும் எக்காலத்திற்கும் பொருந்தும் உரைகல் ஒன்று உண்டு. சிரிப்பு அடங்கிய பின்னர், சிரிக்கப்பட்டவன் நம் பக்கத்தில் வந்து அமர்ந்தால், அவன் முகத்தை நம்மால் நேரே பார்க்க முடியுமா? முடியுமானால் அது நல்ல நகைச்சுவை. முடியாதபோது, திருந்த வேண்டியவர் நடிகர் மட்டும் அல்லர், கைதட்டிய நாமுந்தான்.