வயலினும் சேர்ந்திசையும்: இளையோர் இசைக்குழுவின் வரலாற்றுப் பின்புலம்

மலேசியத் தமிழரிடையே 'ஆர்கெஸ்ட்ரா' என்னும் சொல், திருமண மண்டபங்களில் திரைப்பாடல் இசைக்கும் குழுவையே பெரிதும் குறிக்கின்றது. தந்திக் கருவிகளை முதன்மையாகக் கொண்டு, இசைக்குறிப்பு ஏட்டைப் பார்த்து ஒருங்கே வாசிக்கும் சிறு இசைக்குழு நம் மரபுக்குப் புறம்பானது என்ற எண்ணமும் உண்டு. வரலாறு இதனை முழுமையாக ஏற்கவில்லை.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அரண்மனையில் மேனாட்டு இசைக்குழு இயங்கியது. அக்காலத்து இசை ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. சென்னையை அடுத்த மணலியில் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்றார். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு ஏறத்தாழ 40 நொட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் 1834இல் தந்த வயலின் பரிசளித்தார்.

ஆக, கருவியை ஏற்றோம். அது பிறந்த அவையை ஏற்கவில்லை. வயலின் தரையில் அமர்ந்து வாசிக்கப்பட்டது. அதன் சுருதி சேர்ப்பு மாறியது. பாடகரின் குரலை நிழல்போல் தொடரும் பக்கவாத்தியமாயிற்று. இதனைக் குறை என்று கூறுவதற்கில்லை. எனினும் இதன் விளைவு ஒன்று உண்டு. நம் சுரக்குறிப்பு பாடலின் எலும்புக்கூட்டையே தரும். கமகம் குருவின் வாய்மொழியால் வருவது. பத்து ஆசிரியரின் மாணவர் பதின்மர் ஒரே கீர்த்தனையை வாசித்தால் பத்து வடிவம் பிறக்கும். கூட்டிசைக்கு இதுவே முதல் தடை.

இத்தடையை உணர்ந்தோர் இலர் என்பதற்கில்லை. அ. மு. சின்னசாமி முதலியார் 1893இல் கருநாடக இசை உருப்படிகளை ஐரோப்பியக் குறிப்பு முறையில் பதிப்பித்தார். அவரது தூண்டுதலால் உருவான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' (1904) கமகங்களுக்கு அடையாளக் குறிகளை அமைத்தது. அதன் ஆசிரியர் சுப்பராம தீட்சிதர், வயலின் பயின்ற அந்தப் பாலுசுவாமியின் மகள்வழிப் பேரர் என்பது கருதத்தக்கது.

அகில இந்திய வானொலியின் வாத்திய விருந்தா 1952இல் தோன்றியது, ரவிசங்கரும் டி. கே. ஜெயராம ஐயரும் அதனை நடத்தினர். அது தேர்ந்த கலைஞரின் குழு. இளையோரை அடிப்படையிலிருந்து பயிற்றிய முயற்சியாக, ஏ. ஆர். ரகுமான் அறக்கட்டளை சென்னையில் 2009இல் தொடங்கிய சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவைச் சுட்டலாம். வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அங்குக் கட்டணமின்றி மேனாட்டுச் செவ்விசை கற்பிக்கப்படுகின்றது. திறமை இருந்தும் வயலின் வாங்க இயலாத பிள்ளைக்கு இதைவிட வேறு வழி ஏது?

நம் பகுதியில், சிங்கப்பூர் மக்கள் கழகம் 1985இல் இந்திய இசைக்குழுவைத் தொடங்கியது. மலேசியாவில் 2006இல் நிறுவப்பெற்ற மலேசிய பில்ஹார்மோனிக் இளையோர் இசைக்குழு மேனாட்டுச் செவ்விசைக்குரியது. தலைநகரை மையமாகக் கொண்டது.

பொந்தியான் போன்ற மாவட்டத்தில் நிலைமை வேறு. அன்னாசியும் செம்பனையும் விளையும் இக்கரையோரப் பகுதியிலிருந்து ஜோகூர் பாரு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தனிப்பாடம் கற்க வாரம் ஒருமுறை சென்று வரலாம். கூட்டிசைப் பயிற்சியோ அனைவரும் ஒரே வேளையில் கூடுவதை வேண்டுவது. ஆகவே பயண ஏற்பாடும், பள்ளியிலேயே வைத்துப் பயிலத்தக்க பொதுக் கருவிகளும், ஒரே பாடத்தை ஒரே வகையில் எழுதித் தரும் ஓர் ஆசிரியருமே இங்கு முதலில் தேவைப்படுவன. நான்கு வயலின், ஒரு புல்லாங்குழல், ஒரு மிருதங்கம் இருப்பின் நொட்டுசுரங்களிலிருந்தே தொடங்கலாம். கமகம் மிகாத அம்மெட்டுகள் தொடக்கநிலை மாணவர் ஒருங்கே வாசிப்பதற்கு ஏற்றவை.