மறுப்புரைக்கு ஓர் இடம்: பெருங்கடல் ஆராய்ச்சிக்கான அறிவியல் குழு புதிய திட்டங்களை ஏற்கும் முறை குறித்து

பெருங்கடல்களை எந்த நாடும் தனித்து அளந்துவிட முடியாது என்பதால், பன்னாட்டு அறிவியல் ஒன்றியங்களின் மன்றம் 1957-இல் பெருங்கடல் ஆராய்ச்சிக்கான அறிவியல் குழுவைத் தோற்றுவித்தது. சுருக்கமாக ஸ்கோர் என்று வழங்கும் இவ்வமைப்புக்குச் சொந்தக் கப்பலும் இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. பல நாட்டு அறிஞர்கள் கூடி ஆராயத் தக்க கேள்வி எது என்று தீர்மானிப்பதே அதன் முதன்மையான வலிமை. அத்தீர்மானம் பழுதுபட்டால், பிற நாடுகளின் கப்பல் நேரமும் பணமும் ஒரு தலைமுறை ஆய்வாளர்களின் உழைப்பும் சேர்ந்தே பழுதுபடும். புதிய பெருந்திட்டம் ஒன்றை ஏற்பதற்கு முன், அதற்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலிய வாதத்தையும் அதற்கான விடையையும் எழுத்து வடிவில் பெற வேண்டும் என்பதை ஸ்கோர் தன் விதியாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சிறிய முயற்சிகளில் இன்றைய நடைமுறை பெரும்பாலும் செம்மையானதே. பணிக்குழு எனப்படுவது, வரையறுத்த ஒரு சிக்கலைச் சில ஆண்டுகளுக்குள் ஆராய்ந்து முடிக்க அமைக்கப்படும் குழு. அதில் முழு உறுப்பினர் பத்துப் பேருக்கு மேல் இடம்பெறுவதில்லை. ஆண்டுதோறும் வரும் முன்மொழிவுகளை உறுப்பு நாடுகளின் தேசியக் குழுக்கள் படித்துக் கருத்துரைக்கின்றன. ஆண்டுக் கூட்டம் நிதிநிலைக்கேற்பச் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. போட்டி இருப்பதால் ஒப்பீடு இயல்பாகவே நிகழ்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக நீளும் பெருந்திட்டங்களுக்கோ இத்தகைய போட்டி இல்லை. ஒரு கருத்து பட்டறைகளிலும் திட்டமிடல் குழுக்களிலும் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து வாக்கெடுப்பை எட்டும்போது, அத்துறையின் முன்னணியினர் பலர் அதன் ஆசிரியர்களாகிவிட்டிருப்பர். எதிர்த்துப் பேசத் தகுதியுடையவர்களே எதிர்க்க இயலாத நிலையில் இருப்பர்.

இந்நிலை ஸ்கோரின் முதல் பெருந்திட்டத்திலேயே வெளிப்பட்டது. அமெரிக்கக் கடலியலர் ரோஜர் ரெவெல் தலைமையில் 1957 ஆகஸ்டில் வூட்ஸ் ஹோலில் கூடிய முதல் கூட்டம், ஆழ்கடல் கழிவுகளைத் தாங்குமா, பருவநிலை மாற்றத்தில் கடலின் பங்கு என்ன, மனித உணவுக்குக் கடல் எவ்வளவு தரும் என்ற கேள்விகளை முன்வைத்தது. இவற்றை ஆராய ஏற்ற களமாக, அன்று மிகக் குறைவாக அறியப்பட்டிருந்ததும் பருவக்காற்றால் ஆண்டுக்கு இருமுறை நீரோட்டங்கள் திசைமாறுவதுமான இந்தியப் பெருங்கடல் தேர்வாயிற்று. நோக்கம் உயர்ந்தது, ஆனால் மூன்று கேள்விகளுக்கும் ஒரே பயணத்தில் விடை காண முடியுமா என்பதை விசாரிக்கும் பொறுப்பு எவருக்கும் தரப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த ஐயம் அமைப்புக்கு வெளியே வேறு வழி தேடிக்கொண்டது. அக்காலத்தின் மிகக் கூர்மையான கடலியல் சிந்தனையாளருள் ஒருவரான ஹென்றி ஸ்டொம்மெல், ‘இந்தியப் பெருங்கடல் குமிழி’ என்ற பெயரில் முறைசாராத ஒரு சிற்றேட்டைச் சுற்றுக்கு விட்டார். திட்டத்தை ஐயுற்றவர்களும் ஆதரித்தவர்களும் அதில் மனம்விட்டு எழுதினர். ஓர் அறிவியல் அமைப்பின் மிக நேர்மையான விவாதம் அதன் பதிவேடுகளுக்கு வெளியே நடந்தது என்பது, அவ்வமைப்பு தன் விதிகளை மறுபரிசீலனை செய்யப் போதுமான காரணமாகும்.

1959 முதல் 1965 வரை நீடித்த இந்தியப் பெருங்கடல் பன்னாட்டு ஆய்வுப்பயணத்தில் பல நாடுகளின் கப்பல்கள் கலந்துகொண்டன. ஒருங்கிணைப்புப் பொறுப்பு 1962-இல் யுனெஸ்கோவின் அரசுகளுக்கிடையிலான பெருங்கடலியல் ஆணையத்திடம் சென்றது. பெரும்பாலும் ஒவ்வொரு நாடும் தன் கப்பலின் பாதையைத் தானே வகுத்துக்கொண்டதால், கடற்பரப்பு சீராக அளக்கப்படவில்லை. ஆயினும் முன்கூட்டியே வாதித்து உடன்பாடு கண்ட பகுதிகள் நிலைத்த பயன் தந்தன. கடலில் மிதந்து வாழும் சிறு விலங்கினங்களை, அதாவது விலங்கு மிதவையுயிரிகளை, அனைவரும் ஒரே வகை வலையால் 200 மீட்டர் ஆழத்திலிருந்து மேற்பரப்பு வரை இழுத்துச் சேகரிப்பது என்றும், அவற்றைக் கொச்சியில் ஒரே மையத்தில் வகைபிரிப்பது என்றும் முடிவாயிற்று. அதனால் வெவ்வேறு கொடிகளின் கீழ் சென்ற கப்பல்களின் மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்தது. 1964-இன் தென்மேற்குப் பருவக்காற்றின்போது டிஸ்கவரி, ஆர்கோ என்னும் இரு கப்பல்கள் சோமாலி நீரோட்டம் என்ற ஒரே பொருளில் கவனம் குவித்ததும் இவ்வகையதே. கோவாவில் இயங்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966-இல் உருவானது இப்பயணத்தின் விளைவாகவே. கடலோர நாட்டில் நிலைத்து நிற்கும் இத்தகைய நிறுவனத்தை ஒரு திட்டத்தின் தலையாய பயன்களுள் ஒன்றாகக் கருதுவது தகும். ஆனால் திட்டத்தை ஏற்கும் வேளையில் அதைக் கட்டாய அளவுகோலாக வைத்தால்தான் அது தற்செயலாக நிகழாமல் உறுதிப்படும்.

முன்கூட்டிய கடுமையால் விளையும் நன்மைக்குப் பிற்காலச் சான்று ஜியோட்ரேசஸ். கடல்நீரில் மிக நுண்ணளவில் கலந்துள்ள தனிமங்களையும் ஐசோடோப்புகளையும் உலகெங்கும் வரைபடமாக்கும் இத்திட்டம், எல்லா ஆய்வுக்கூடங்களும் ஒரே மாதிரியை அளந்து ஒரே விடைக்கு வருகின்றனவா என்று சோதிக்கும் ஒப்பளவீட்டைத் தன் அடித்தளமாக்கியது. அதற்கெனவே 2008-லும் 2009-லும் அட்லாண்டிக்கிலும் பசிபிக்கிலும் கடற்பயணங்கள் நடந்தன. தரவுகளின் முதல் இடைநிலைத் தொகுப்பு 2014-இல் வெளிவந்தது. இரும்பாலான கப்பலிலிருந்து கடல்நீரின் இரும்பை அளக்கும் எண்கள் நம்பத் தக்கவையா என்பதே இத்துறையின் மிகக் கடுமையான மறுப்பு. ஒப்பளவீடு அம்மறுப்புக்குச் செயலால் தரப்பட்ட விடை.

விதி இவ்வாறு அமையலாம். பெருந்திட்ட முன்மொழிவு ஒவ்வொன்றுக்கும், அதில் பங்கில்லாத மூவரை நிர்வாகக் குழு மறுப்புரையாளர்களாக நியமிக்க வேண்டும். அவர்களுள் ஒருவரேனும் ஆய்வு நிகழவிருக்கும் கடலோரத்தைச் சேர்ந்தவராக இருத்தல் நலம். திட்டம் எழுப்பும் வினா நடப்பிலுள்ள முயற்சிகளால் தீராததற்குக் காரணம், எந்த அளவீடு தவறினால் திட்டம் கைவிடப்படும் என்பது, திட்டம் முடிந்தபின் கடலோர நாட்டில் எஞ்சுவது ஆகியவற்றைக் குறித்து அவர்கள் எழுதும் உரையும், முன்மொழிந்தோரின் விடையும் தேசியக் குழுக்களுக்கு ஒருசேரச் செல்ல வேண்டும். மறுத்துரைப்பதைப் பதவிக் கடமையாக்குவதில் ஆழ்ந்த பயன் ஒன்றுண்டு. வளங்குன்றிய நாட்டின் இளம் ஆய்வாளர், நாளை தமக்குக் கப்பலில் இடம் தரவேண்டிய மூத்தவரை எதிர்த்துத் தாமாக எழுதத் தயங்குவார். எதிர்க்குமாறு நியமிக்கப்பட்டவருக்கோ அத்தயக்கத்திற்கான காரணம் வெகுவாகக் குறையும்.

இதனால் காலம் தாழும், துணிவான கருத்துகள் கருவிலேயே மடியும் என்ற எதிர்வாதம் மதிக்கத் தக்கது. ஸ்கோரில் பணியாற்றும் அறிஞர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி நேரம் தருபவர்கள். அவர்கள் மேல் மேலும் சுமை ஏற்றலாகாது. எனவே பணிக்குழுக்களுக்கு இவ்விதி வேண்டியதில்லை. மேலும், மறுப்புரைக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அதைப் படித்தபின் திட்டத்தை ஏற்கும் உரிமை ஆண்டுக் கூட்டத்திடமே இருக்கும். 2015 டிசம்பரில் கோவாவில் தொடங்கிய இரண்டாம் இந்தியப் பெருங்கடல் பன்னாட்டு ஆய்வுப்பயணத்தைப் போன்ற திட்டங்கள் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கின்றன. அத்தகைய காலப்பரப்பில் மறுப்புரைக்கென ஒதுக்கும் ஆறு மாதம் திட்டமிடலோடு உடன்நிகழ முடியும். பட்டறைகள் முடிந்து ஆதரவு திரண்ட பிறகு மூவரை அமர்த்தாமல், முன்மொழிவின் முதல் வரைவிலேயே அமர்த்தினால், அவர்களின் ஐயங்கள் திட்டத்தின் வடிவத்தையே திருத்தக் காலம் இருக்கும்.