காத்திருத்தலும் திருப்பந்தியும்: 1740-இன் ஒரு பிரிவினை

ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், கிறிஸ்துவை மாத்திரம் சார்ந்த விசுவாசத்தின் நிச்சயத்தைப் பெற்றார் என்பதை நாம் அறிவோம். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் உபவாசம், ஜெபம், சிறைச்சாலை ஊழியம் ஆகியவற்றால் பரிசுத்தத்தை நாடியும் அவருக்குச் சமாதானம் கிட்டவில்லை. அவ்வாறாயின் அம்முயற்சிகளை விட்டுவிட வேண்டுமா?

1739 அக்டோபரில் லண்டனுக்கு வந்த மொரேவிய ஊழியர் மோல்தர், ‘ஆம்’ என்றார். மெய் விசுவாசம் கிட்டும்வரை திருவிருந்து முதலியவற்றை விட்டு, ஆண்டவருக்கு முன் அமர்ந்து காத்திருக்கவேண்டும் என ஃபெட்டர் லேன் சங்கத்தில் போதித்தார். கிரியைகளைச் சார்ந்து நிற்பதன் ஆபத்தை அவர் உணர்ந்தது சரியே. வெஸ்லியும் அதில் உழன்றவரே. ஆயினும் வெஸ்லி இணங்கவில்லை. திருவிருந்து தகுதியுள்ளோர் பெறும் பரிசன்று, வெறுமையுள்ளோருக்குத் தேவன் கிருபை அளிக்கும் வழி என வாதிட்டார். 1740 ஜூலை 20-இல் சிலரோடு அச்சங்கத்தை விட்டுப் பிரிந்தார். விசுவாசத்தின் வழியைத் தமக்குக் காட்டியவர்களே மொரேவியர் என்பதால் இப்பிரிவு சாதாரணமானதன்று.

தங்கள் விசுவாசத்தில் ஐயுற்றுப் பந்தியை விட்டு விலகி நிற்போர் இன்றும் நம் சபைகளில் உளர். ‘தகுதி பெற்றபின் வாருங்கள்’ என்று அவர்களை அனுப்பிவிடுவோமோ? பரிசுத்தத்தை நாடுதல் கிருபைக்குக் கொடுக்கும் விலையன்று. அதைப் பெற்றுக்கொள்ள நீட்டும் வெறுங்கையே.