லூவாவு

லூவாவு என்பது ஹவாய்த் தீவுகளின் மரபுவழி விருந்தைக் குறிக்கும் சொல் ஆகும். குழந்தையின் முதல் பிறந்தநாள், திருமணம், பட்டமளிப்பு முதலிய நிகழ்வுகளுக்காக உற்றார் உறவினர் கூடி உண்ணும் விருந்து இப்பெயரால் அழைக்கப்படுகின்றது. சுற்றுலாப் பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்கிக் கலந்துகொள்ளும் மாலைநேர விருந்தும் கலைநிகழ்ச்சியும் இதே பெயராலேயே அறியப்படுகின்றன. இவ்விரண்டாவது வகையே வெளியுலகில் பரவலாக அறியப்பட்டது. எனினும் அதில் இடம்பெறுபவை அனைத்தும் ஹவாய்க்கு உரியவை அல்ல. பசிபிக்கின் பல தீவுக்கூட்டங்களின் ஆடல்களும், 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த பல நாட்டவரின் உணவுகளும் அதில் கலந்துள்ளன.

சொற்பிறப்பு

ஹவாய் மொழியில் லூவாவு என்பது சேம்பின் இளம் இலையைக் குறிக்கும். அவ்விலையைத் தேங்காய்ப்பாலுடன் கோழி இறைச்சி அல்லது கணவாய் சேர்த்துச் சமைத்த உணவுக்கும் இதுவே பெயர். விருந்துக்குப் பழங்காலத்தில் வழங்கிய பெயர்கள் ஆஹாஆயினா, பாயினா என்பனவாகும். 1856ஆம் ஆண்டளவில் ஹொனலுலுவில் வெளிவந்த ஆங்கிலச் செய்தித்தாளில் லூவாவு என்ற சொல் விருந்தைக் குறிக்கப் பயன்படுத்தப்பட்டுள்ளது. இவ்வாறு இலையின் பெயர் உணவுக்கும், உணவின் பெயர் விருந்துக்கும் ஆகி வந்தது.

வரலாறு

உணவு விலக்கும் அதன் முடிவும்

பண்டைய ஹவாயில் கப்பு எனப்பட்ட விலக்கு முறை வாழ்வின் எல்லாக் கூறுகளையும் கட்டுப்படுத்தியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணக் கூடாது. இருபாலாருக்கும் உணவு தனித்தனி அடுப்புகளில் சமைக்கப்பட வேண்டும். பன்றி இறைச்சி, தேங்காய், பெரும்பாலான வாழைப்பழ வகைகள், சில மீன்கள் ஆகியவை பெண்களுக்கு விலக்கப்பட்டிருந்தன. மீறுவோருக்கு மரண தண்டனையும் விதிக்கப்படலாம்.

தீவுகளை ஒன்றிணைத்த முதலாம் கமேஹமேஹா 1819ஆம் ஆண்டு இறந்தார். அவரது மகனும் அடுத்த அரசருமான லிஹோலிஹோ (இரண்டாம் கமேஹமேஹா) அதே ஆண்டில் ஒரு விருந்தில் பெண்களோடு ஒரே இடத்தில் அமர்ந்து உண்டார். அவரது தாயார் கேயோபுவோலானியும், முதலாம் கமேஹமேஹாவின் மற்றொரு மனைவி காஅஹுமனுவும் இம்மாற்றத்தின் பின்னால் இருந்தனர். ஆய் நோவா (கட்டற்ற உணவு) என அழைக்கப்படும் இந்நிகழ்வுடன் கப்பு முறை முடிவுக்கு வந்தது. இதை எதிர்த்துப் போரிட்ட அரச குடும்பத்தவரான கேகுவாவொகலனி 1819 திசம்பரில் குவாமோவோ போர்க்களத்தில் கொல்லப்பட்டார். ஆணும் பெண்ணும் ஒரே பந்தியில் உண்ணும் இன்றைய லூவாவு, இம்மாற்றத்துக்குப் பின்னரே இயலக்கூடியதாயிற்று.

அரச விருந்துகள்

1847ஆம் ஆண்டு மூன்றாம் கமேஹமேஹா ஹொனலுலுவுக்கு அருகிலுள்ள நுவுவானு பள்ளத்தாக்கில் அளித்த விருந்தில் ஏறத்தாழ 10,000 பேர் கலந்துகொண்டதாகக் குறிக்கப்படுகின்றது. 271 பன்றிகள், 482 பெரிய பாத்திரங்களில் சேம்புக் களி, 2,245 தேங்காய்கள், 4,000 சேப்பங்கிழங்குகள் முதலியன அதற்குப் பயன்பட்டன.

காஅஹுமனு பின்னர் கிறித்தவத்தைத் தழுவினார். உணவு விலக்கை உடைப்பதில் முன்னின்ற அவரே 1830இல் ஹூலா ஆடலைப் பொது இடங்களில் நிகழ்த்தத் தடை விதித்தார். 1850களில் ஹூலா நிகழ்ச்சிகளுக்கு உரிமம் பெற வேண்டும் என்ற சட்டமும் வந்தது. பொதுமேடையிலிருந்து பெரிதும் மறைந்த இவ்வாடலை அரசர் கலாகவுவா தமது 1883ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவிலும், 1886ஆம் ஆண்டு ஐம்பதாவது பிறந்தநாள் விழாவிலும் வெளிப்படையாக ஆடச் செய்தார்.

1893இல் அரசி லிலிவுவோகலானி ஆட்சியிலிருந்து அகற்றப்பட்டார். 1896இல் பள்ளிகளில் ஹவாய் மொழிவழிக் கல்வி நிறுத்தப்பட்டது. 1898இல் ஐக்கிய அமெரிக்கா ஹவாயை இணைத்துக்கொண்டது. 1959இல் அது 50ஆவது மாநிலம் ஆனது.

சுற்றுலா நிகழ்ச்சியாதல்

1937இல் வைக்கீக்கியில் கோடாக் நிறுவனத்தின் ஆதரவுடன் இலவச ஹூலா நிகழ்ச்சி ஒன்று தொடங்கப்பட்டது. பயணிகள் படம் எடுப்பதற்கு ஒளி போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காக அது பகலில் நடத்தப்பட்டது. ஆடுவோரின் தேவைக்கு மாறாகப் படம் எடுப்போரின் தேவைக்கு ஏற்ப நேரம் அமைக்கப்பட்ட இந்நிகழ்ச்சி, 2002 வரை நீடித்தது.

1959க்குப் பின் ஜெட் விமானப் போக்குவரத்தால் பயணிகள் வருகை பெருகியது. 1963இல் ஒவாகுத் தீவின் லாயியே ஊரில் மோர்மன் திருச்சபை பொலினீசியப் பண்பாட்டு மையத்தைத் தொடங்கியது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயிலும் பசிபிக் தீவு மாணவர்கள் பலர் இங்கு பணியாற்றித் தமது கல்விச் செலவை ஈடு செய்கின்றனர். மாவுயித் தீவில் 1986இல் தொடங்கப்பட்ட ஓல்டு லாகைனா லூவாவு, ஹவாய் ஆடல்களுக்கு முதன்மை அளிப்பதற்காக அறியப்படுகின்றது. 2023 ஆகத்து மாதம் லாகைனா நகரை அழித்து நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீயை அடுத்து மூடப்பட்ட இது, 2024 மார்ச்சில் மீண்டும் திறக்கப்பட்டது.

நிகழ்ச்சியின் அமைப்பு

சுற்றுலா லூவாவு பொதுவாகக் கடற்கரையை ஒட்டிய திறந்தவெளியில், மாலை ஐந்து மணியளவில் தொடங்கி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நடைபெறும். வருவோருக்கு லேய் எனப்படும் மாலை அணிவிக்கப்படுகின்றது. ஆர்க்கிட், ஈழத்தலரி முதலிய மலர்களோ கிளிஞ்சல்களோ கோத்த மாலைகள் வழக்கில் உள்ளன. தமிழ்நாட்டில் குண்டுமல்லி எனப்படும் மல்லிகையும் லேய் கட்டப் பயன்படுகின்றது. ஹவாயில் இதன் பெயர் பிக்காகே, அதாவது மயில். இளவரசி காயியுலானிக்கு மயிலும் இம்மலரும் விருப்பமானவையாக இருந்ததால் இப்பெயர் ஏற்பட்டது. அணிவித்தவர் முன்னிலையில் மாலையைக் கழற்றுவது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகின்றது.

பின்னர் குழி அடுப்பு திறக்கப்படுவதைப் பயணிகள் சூழ்ந்து நின்று காண்பர். கதிரவன் மறையும் வேளையில் உணவு பரிமாறப்பட்டு, இருள் சூழ்ந்தபின் ஆடல்கள் தொடங்கும்.

உணவு

இமு எனப்படும் குழி அடுப்பே லூவாவின் மையம் ஆகும். நிலத்தில் குழி தோண்டி, விறகை அடுக்கி, அதன்மேல் எரிமலைக் கற்கள் வைக்கப்படுகின்றன. நுண்துளைகள் உள்ள கற்களே தேர்ந்தெடுக்கப்படும். இறுகிய கற்கள் சூட்டில் வெடிக்கக்கூடும். கற்கள் நன்கு சூடேறியதும் அவற்றின்மேல் பிளந்த வாழைத்தண்டுகள் பரப்பப்படும். தண்டிலுள்ள நீர் ஆவியாகி உணவை வேகச் செய்கின்றது. அதன்மேல் பன்றியை வைத்து, இலைகளாலும் ஈரச் சாக்குகளாலும் மூடி, மேலே மண் போட்டு, பல மணி நேரம் விடப்படும். இம்முறையின் பெயர் காலுவா.

பொதுவாகப் பரிமாறப்படும் உணவுகள்:

* காலுவா பன்றி - குழி அடுப்பில் வெந்து நார்நாராகப் பிரிக்கப்பட்ட இறைச்சி.
* பொய் - வேகவைத்த சேப்பங்கிழங்கை இடித்துப் பிசைந்து, நீர் சேர்த்துச் செய்யும் களி. சில நாட்கள் வைத்தால் புளிப்பேறும்.
* லாவுலாவு - சேம்பிலையில் இறைச்சியோ மீனோ பொதிந்து வேகவைத்தது.
* லோமி சால்மன் - உப்பிட்ட சால்மன் மீன், தக்காளி, வெங்காயம் ஆகியவற்றின் கலவை. சால்மன் ஹவாய்க் கடலில் வாழ்வது அன்று. கப்பல் வணிகத்தால் வந்தது.
* கோழி லாங் ரைசு - கோழி இறைச்சியுடன் கண்ணாடி நூடுல்சு. கரும்புத் தோட்டங்களுக்கு வந்த சீனத் தொழிலாளர் வழியாக ஏற்பட்டது.
* ஹவுப்பியா - தேங்காய்ப்பாலை மாவுடன் காய்ச்சி உறையவைத்த இனிப்பு.

விருந்தில் அளிக்கப்படும் மாய் தாய் என்னும் மதுக்கலவையும் ஹவாயில் தோன்றியது அன்று. அது 1944இல் கலிபோர்னியாவில் உருவாக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. மரக்கறி உணவினருக்குப் பொய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோறு, பழங்கள், ஹவுப்பியா ஆகியவை ஏற்றவை. சேம்பிலைக் கறி மரக்கறியாகத் தோன்றினாலும் அதில் கோழியோ கணவாயோ கலந்திருப்பது வழக்கம்.

ஆடல்கள்

ஹூலா மட்டுமே ஹவாயின் சொந்த ஆடல் ஆகும். இதில் இரு வகைகள் உள்ளன. ஹூலா காஹிக்கோ பழைய முறை. ஓதும் பாட்டுக்கும், சுரைக்குடுக்கை, தோல்முரசு ஆகியவற்றின் தாளத்துக்கும் ஆடப்படுவது. ஹூலா அவுவானா புதிய முறை. கித்தார், உக்குலேலே ஆகியவற்றின் இசைக்கு ஆடப்படுவது. உக்குலேலே, 1879இல் மதேரா தீவிலிருந்து வந்த போர்த்துக்கேயத் தொழிலாளர் கொண்டுவந்த சிறு நரம்பிசைக் கருவியிலிருந்து தோன்றியதாகும். ஹூலாவில் கைகள் பாட்டின் பொருளை உணர்த்துகின்றன. பாட்டு இன்றி ஹூலா இல்லை.

வேகமான இடையசைவுடன் கூடிய ஓத்தேயா ஆடல் தாகித்திக்கும், ஹாக்கா நியூசிலாந்தின் மாவோரி மக்களுக்கும் உரியவை. நிகழ்ச்சியின் உச்சமாக இடம்பெறும் தீக்கத்தி ஆடல் சமோவாவைச் சேர்ந்தது. போர்க்கத்தியைச் சுழற்றும் பழைய சமோவா ஆடலுடன் தீயை இணைத்தவர் பிரெடி லெத்துலி என்னும் சமோவாக் கலைஞர் ஆவார். 1946இல் சான் பிரான்சிசுகோவில் தீ விழுங்கும் இந்துக் கலைஞர் ஒருவரைக் கண்டதே அவருக்குத் தூண்டுதலாக இருந்ததாகக் கூறப்படுகின்றது.

சேம்பும் நீரும்

ஹவாய் மரபுக் கதையின்படி, வாக்கேயாவுக்கும் ஹோவோஹோக்கூகலானிக்கும் இறந்து பிறந்த முதல் குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த ஹாலோவா மனிதரின் மூதாதை ஆனான். ஆகவே சேம்பு மனிதருக்கு மூத்த உடன்பிறப்பு ஆகும். பொய்க் கலம் திறந்திருக்கும்போது சச்சரவு செய்யக் கூடாது என்ற வழக்கமும் இதனுடன் தொடர்புடையது.

நீர்ச்சேம்பு, நெல்லைப் போலவே ஓடும் நீரால் நிரப்பப்பட்ட பாத்திகளில் பயிரிடப்படுகின்றது. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் ஓடைகளின் நீரைக் கால்வாய்கள் வழியே திருப்பியதால் பல சேம்புப் பாத்திகள் வறண்டன. ஒவாகுத் தீவின் வாயாஹோலே கால்வாய் வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த ஹவாய் உச்ச நீதிமன்றம், நீர் மக்களுக்காகப் பேணப்பட வேண்டிய பொதுச்சொத்து என வலியுறுத்தியது. ஹவாய்ப் பல்கலைக்கழகம் மூன்று சேம்பு வகைகளுக்குப் பெற்ற காப்புரிமையை, மூத்த உடன்பிறப்புக்கு எவரும் உரிமை கோர முடியாது என்ற எதிர்ப்பினால் 2006இல் கைவிட்டது.

விமர்சனங்கள்

ஆங்கிலேய மாலுமி குக் வந்த 1778க்குப் பின், புதிய நோய்களால் ஹவாய்ப் பழங்குடியினரின் தொகை பெரிதும் குறைந்து, 1890இல் ஏறத்தாழ 40,000 ஆயிற்று. குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குப் பெரிய விருந்து அளிக்கும் வழக்கத்துக்கு அக்காலத்துக் குழந்தை இறப்பே காரணம் எனக் கூறப்படுகின்றது. இப்பின்னணியில், புன்னகைக்கும் ஆடல்மகளிரின் படத்தைக் கொண்டு ஹவாயை விளம்பரம் செய்வதை ஹவாய் அறிஞரும் அரசியல் செயற்பாட்டாளருமான ஹவுனானி-கே திராசுக் (1949-2021) கடுமையாகக் கண்டித்தார். பெருநிறுவனச் சுற்றுலா, பண்பாட்டை விலைப்பொருளாக்குகின்றது என்பது அவரது வாதம்.

மறுபுறம், இந்நிகழ்ச்சிகள் கலைஞர்களுக்கு வருவாய் தருகின்றன. இவற்றில் ஆடுவோர் பலர் ஹாலாவு எனப்படும் ஹூலாப் பள்ளிகளில் ஆசிரியரிடம் முறையாகப் பயின்றவர்கள். 1970களில் எழுந்த பண்பாட்டு மறுமலர்ச்சியால் இப்பள்ளிகள் பெருகின. 1978இல் ஹவாய் மொழி மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஹீலோ நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் மெரி மோனார்க் விழாவில், விருந்தும் தீக்கத்தியும் இன்றி ஹூலாவை மட்டும் காண முடியும்.

தமிழ்ச் சூழலில் ஒப்பீடும் தொடர்பும்

பொலினீசியர்கள் தோணிகளில் ஹவாய்க்குக் கொண்டுசென்ற பயிர்களுள் சேம்பு, வாழை, தென்னை, கரும்பு, மஞ்சள் ஆகியவை தமிழர் சமையலிலும் சடங்கிலும் இடம்பெறுபவை. வேகாத சேம்பு நாவில் அரிப்பை உண்டாக்கும் என்பதை இரு நாட்டுச் சமையலும் அறிந்துள்ளன.

ஹூலாவின் வரலாறு சதிராட்டத்தின் வரலாற்றை ஒத்தது. கோயில்களிலும் அரசவைகளிலும் ஆடப்பட்ட சதிர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த எதிர்ப்பு இயக்கத்தால் இழிவாகக் கருதப்பட்டு, 1930களில் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேறியது. கரகாட்டம், ஒயிலாட்டம் போன்ற கலைகளும் இருவேறு இடங்களில் நிகழ்கின்றன. கூக்கால், பூம்பாறை, மன்னவனூர் முதலிய மேல்மலை ஊர்களுக்குச் செல்லும் பயணிகளும் கூடும் கொடைக்கானலில், கோடை விழா மேடையில் இத்தகைய கலைகள் குறித்த நேரத்துக்குச் சுருக்கி நிகழ்த்தப்படுகின்றன. ஊர்த் திருவிழாவிலோ அவை நேர்த்திக்கடனுடனும் ஊர்ப் பந்தியுடனும் இணைந்தவை. குடும்ப லூவாவுக்கும் சுற்றுலா லூவாவுக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே.

ஹவாயின் கவாயித் தீவில் 1970இல் சிவாய சுப்பிரமுனியசுவாமி (1927-2001) நிறுவிய சைவ ஆதீனம் உள்ளது. அவர் யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் 1949இல் தீட்சை பெற்றவர். அங்கு கருங்கல்லால் கட்டப்பட்ட இறைவன் கோயிலின் குடமுழுக்கு 2023இல் நடைபெற்றது.

இவற்றையும் பார்க்க

* ஹவாய்
* ஹூலா
* சேம்பு
* பரதநாட்டியம்
* பொலினீசியா