டிவியைச் சுட்ட துப்பாக்கி

காரைக்கால் பக்கம் 90களில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் என்றால் கேசட் செருகி டிவியில் மாட்டும் டப்பாதான். பெரும்பாலும் நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். சில செட்டுகளோடு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வரும். சுட்டால் வாத்து விழும். சரி, அந்தத் துப்பாக்கியிலிருந்து என்னதான் போய் டிவியில் பட்டது?

ஒண்ணுமே போகலை. அதுதான் விஷயம்.

1936இல் அமெரிக்காவின் சீபர்க் நிறுவனம் செய்த 'ரே-ஓ-லைட்' விளையாட்டில் துப்பாக்கி நிஜமாகவே ஒளியைப் பாய்ச்சியது; அதை உணரும் செல் வாத்துக்குள் இருந்தது. 1970இல் நிண்டெண்டோ விற்ற பொம்மைத் துப்பாக்கியும் அதே வழிதான். 1984இல் வந்த 'டக் ஹண்ட்'டில் இது தலைகீழ். ஒளி டிவியில், கண் துப்பாக்கியில்!

விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும். அடுத்து வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம். முதலில் இருட்டு, பிறகு வெளிச்சம் என்று துப்பாக்கி கண்டால் வாத்து காலி. இரண்டு வாத்து என்றால் கட்டம் ஒவ்வொன்றாக வரும். எந்தக் கட்டத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்து. முதல் இருட்டு எதற்கு? பல்பைக் குறிபார்த்து நாம் ஏமாற்றாமலிருக்க.

இதெல்லாம் குழாய் டிவியை நம்பிய ஏற்பாடு. அதில் படம் விநாடிக்கு 15,600க்கு மேற்பட்ட கோடுகளாக வரையப்படும். நிண்டெண்டோ துப்பாக்கி அந்தத் துடிப்பைத்தான் தேடும். எல்சிடியில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் கொஞ்சம் தாமதமாக வரும். காரைக்காலைச் சுற்றியுள்ள தமிழக ஊர்களில் 2006இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் கொடுத்த 14 அங்குல டிவிகளும் குழாய் டிவிதான். அவை எடைக்குப் போகப்போக, இந்தத் துப்பாக்கிகளுக்கும் கண் போகிறது.

கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு வழிகள் உண்டு. 2019இல் கிக்ஸ்டார்ட்டரில் வந்த சிண்டன் துப்பாக்கிக்குள் ஒரு கேமரா இருக்கிறது. திரையைச் சுற்றி வரைந்த வெள்ளைச் சட்டத்தைப் பார்த்து அது குறியைக் கணக்கிடும். கன்ஃபோர்ஐஆர் என்பது இன்னொன்று. திரையோரம் அகச்சிவப்பு எல்இடிகள், துப்பாக்கிக்குள் அதைப் பார்க்கும் சென்சார், ஒரு ஆர்டுயினோ போர்டு. இதைப் பழைய துப்பாக்கியின் கூட்டுக்குள்ளேயே பொருத்துகிறார்கள். கம்ப்யூட்டர் அதை ஒரு மவுஸ் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆனால் பழைய டப்பாவையே அப்படியே ஆட வேண்டுமென்றால் குழாய் டிவிதான் வேண்டும். பரணில் ஒன்று ஓடும் நிலையில் இருந்தால், எடைக்காரர் வரும் முன் ஒருமுறை யோசியுங்கள். கழற்றி மட்டும் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் அடிக்கும்.