பெரிசா, சிறிசா, சமமா?

இந்த முறை சந்திப்பு ஏற்காட்டில் என்று கடிதம் வந்ததுமே எனக்கு அந்தக் கணக்குப்பிள்ளை முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. மலர்க் குழு நண்பர் "ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதேன்" என்றார். மெஸ் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். கம்பைலர் வேலையில் வயிறு வளர்க்கும் நான், இரண்டு எண்களில் எது பெரிசு என்று கேட்கும் கேள்வியின் கதையை எழுதுகிறேன். கதை தொடங்குவதும் சேர்வராயன் மலையில்தான்.

1992. கடைசி வருட புராஜெக்ட். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்து வைத்த மலை அது. அங்கே ஓர் எஸ்டேட் ஆபீசுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்க நாங்கள் மூன்று பேர் ஒப்புக்கொண்டோம். பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இரண்டு தடவை வாந்தி எடுத்து (நான் இல்லை, ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும்), டர்போ சி பிளாப்பியோடு போய் இறங்கினோம். எஸ்டேட்டுக்குப் பழம் கொண்டுவந்து போடும் சிறு விவசாயிகளின் பாக்கியைப் பெரிய தொகையிலிருந்து சிறிய தொகை வரை வரிசைப்படுத்த வேண்டும். எஸ்டேட் தர வேண்டியது கூட்டல் குறி, அவர்கள் தர வேண்டியது கழித்தல் குறி. பட்டியலில் மேலே இருப்பவருக்கு மறுநாள் முதல் பட்டுவாடா.

வரிசைப்படுத்தும் பகுதியை எழுதியவன் நான். இரண்டு தொகையைக் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து விடையைத் திருப்பி அனுப்பும், ஒரே வரி. விடை கழித்தல் குறியாக வந்தால் முதலாவது சிறிசு, சைபர் என்றால் சமம். அந்த ஒரு வரிக்கு நண்பர்களிடம் டீ வாங்கிக் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கிறீச்சிட்டு முடித்ததும் கணக்குப்பிள்ளை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். "தம்பி, இந்த ஆளு நமக்குப் பதினஞ்சாயிரம் தரணும். இருபதாயிரம் வாங்க வேண்டிய அம்மாவுக்கு மேல இவனை எதுக்கு ஏத்தி வெச்சிருக்கீங்க?"

"இருக்காதுங்க ஐயா, கம்ப்யூட்டர் போட்டது" என்றேன். அவர் பேசாமல் பென்சிலால் அந்த இரண்டு வரியிலும் கோடு போட்டுக் கொடுத்தார்.

காரணம் கண்டுபிடிக்க ராத்திரி பதினொன்றாகிவிட்டது. அந்தக் கம்பைலரில் முழு எண்ணுக்கு 16 பிட். -32768 முதல் 32767 வரைதான் கொள்ளும். 20000-லிருந்து -15000-ஐக் கழித்தால் 35000. அது பாத்திரத்தில் அடங்காமல் வழிந்து, -30536 ஆக நிற்கும். ஆக, இருபதாயிரம் சிறிசு! காலையில் விளக்கினோம். கணக்குப்பிள்ளை சிரித்தார். "கொட்டையைச் சல்லடையில போட்டா விழறது விழும், நிக்கறது நிக்கும். யாரு தம்பி கழிச்சுப் பார்க்கறது?"

அன்றைக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி என்று நினைத்தேன். பாதிதான் சரி. சிப்பும் கழித்துத்தான் பார்க்கிறது. 1978-ல் வந்த இன்டெல் 8086-ன் ஒப்பிடும் கட்டளை, இரண்டு எண்களையும் கழித்து, விடையைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் விடையின் குறி என்ன, விடை வழிந்ததா இல்லையா என்ற இரண்டு கொடிகளை வைத்துக்கொள்ளும். இரண்டு கொடியும் ஒத்துப்போகாவிட்டால் முதல் எண் சிறிசு. நான் செய்தது தலைகீழ். விடையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கொடியைக் கோட்டைவிட்டேன்.

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். 1954-ல் வந்த ஐ.பி.எம். 704-ல் பெரிசு, சமம், சிறிசு என்று மூன்று வழியாகப் பிரியும் ஒப்பீட்டுக் கட்டளையே உண்டு. அந்த இயந்திரத்துக்காக ஜான் பேக்கஸ் குழு 1957-ல் வெளியிட்ட ஃபோர்ட்ரானில், கணக்கின் விடை கழித்தலா, சைபரா, கூட்டலா என்று பார்த்து மூன்று இடங்களுக்குத் தாவும் 'இஃப்' இருந்தது. ஒப்பிட வேண்டுமென்றால் கழிக்க வேண்டியதுதான்! நம் பக்கத்தில், கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த ஆர். நரசிம்மன் தலைமையில் பம்பாயில் கட்டப்பட்ட டிஃப்ராக் 1960-ல் முழுதாக ஓடத் தொடங்கியது. 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. அட்டை துளையிட்ட அந்தத் தலைமுறை வாத்தியார்களிடம்தான் நாங்கள் கற்றோம். கழித்துப் பார்க்கும் பழக்கமும் அங்கிருந்தே எனக்கு ஒட்டியிருக்கும் என்று ஒரு சந்தேகம். அந்த மூன்று வழி இஃப் 2018 ஃபோர்ட்ரான் தரத்தில்தான் ஒருவழியாக நீக்கப்பட்டது.

அப்புறம் கம்பைலர்காரர்களுக்கு வேகப் பைத்தியம் பிடித்தது. தாவல் இல்லாமல் ஒப்பிட முடியுமா? 1987-ல் மாசலின் என்ற ஆராய்ச்சியாளர், கட்டளைகளை எல்லா விதமாகவும் கோத்துப் பார்க்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டார். ஓர் எண்ணின் குறியை -1, 0, 1 என்று சொல்ல, மோட்டோரோலா சிப்பில் தாவலே இல்லாத நாலு கட்டளை போதும் என்று அது கண்டுபிடித்துக் கொடுத்தது. மனிதன் லேசில் யோசிக்காத நாலு வரி. 1992-ல், நாங்கள் பஸ்ஸில் வளைவு ஏறிக்கொண்டிருந்த அதே வருடம், கிரான்லுண்டும் கென்னரும் அந்த வழியை ஜி.சி.சி. கம்பைலருக்குக் கொண்டுவந்தார்கள்.

வேகத்துக்கு விலையும் உண்டு. குறியுள்ள எண் வழிந்தால் என்ன ஆகும் என்பதை 1989-ன் சி தரம் சொல்லாமல் விட்டது. "அப்படியானால் வழியாது என்றே வைத்துக்கொள்கிறேன்" என்றது கம்பைலர். கழித்த விடை சைபருக்குக் கீழா என்று நீங்கள் கேட்டால், அது நேராக எது சிறிசு என்று மாற்றிக்கொள்ளலாம். வேடிக்கை பாருங்கள்: என் பழைய தப்பை இன்று 32 பிட் எண்களில் எழுதினால், மெருகேற்றும்போது பட்டியல் சரியாக வந்துவிடவும் கூடும்; மெருகை நிறுத்தினால் தப்பு திரும்பி வந்து நிற்கும். இதே துணிச்சலில், முகவரி வழிந்துவிட்டதா என்று பார்க்கும் பாதுகாப்புச் சோதனைகளையே கம்பைலர் வெட்டி எறிவதாக 2008 ஏப்ரலில் அமெரிக்காவின் செர்ட் அமைப்பு எச்சரித்தது. முதலில் ஜி.சி.சி.யை மட்டும் குறிப்பிட்டது. மற்றவர்களும் அதையே செய்கிறார்கள் என்று தெரிந்ததும் அறிக்கையைத் திருத்தியது.

2015-ல் லோப்பஸ், மெனண்டஸ், நாகரகட்டே, ரெகர் நால்வரும் அலைவ் என்ற கருவியைக் கொண்டுவந்தார்கள். எல்.எல்.வி.எம். கம்பைலரின் முந்நூற்றுக்கு மேற்பட்ட சிறு மாற்றங்களைக் கணித நிரூபணத்துக்கு உட்படுத்தினார்கள். பல வருடம் பல பேர் கண் பார்த்து ஏற்றவற்றில் எட்டு தப்பு! 2024-ல் அதே கம்பைலர், மூன்று வழி ஒப்பீட்டைத் தனிச் செயலாகவே ஏற்றுக்கொண்டது. 704-ல் இருந்தது சுற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

போன வருடம் எங்கள் ஆபீசில் ஒரு இளம் பெண், கழித்து ஒப்பிடுவதை நேர் ஒப்பீடாக மாற்றும் நாலு வரியை என் பார்வைக்கு அனுப்பினாள். பார்த்ததும் அழகு. ஒப்புதல் கொடுக்கக் கை போனது. அப்புறம் அந்தப் பென்சில் கோடு நினைவுக்கு வந்து, "வழியாது என்று உறுதி கொடுத்த கழித்தலுக்கு மட்டும்தானே இது?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தான் சார்" என்றாள். கருவியில் போட்டோம். நொடியில் எதிர் உதாரணம் வந்தது. 8 பிட்டில் 100, -100. கழித்தால் 200, வழிந்து -56. பழைய வரிக்கு நூறு சிறிசு, புது வரிக்குப் பெரிசு. மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் விடையே மாறிவிடும். அவள் ஒரு நிபந்தனை சேர்த்துத் திருப்பி அனுப்பினாள், ஏற்றுக்கொண்டோம்.

பென்சில் கோடு போட்ட அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மை மங்கிவிட்டது, கோடு தெரிகிறது. ஏற்காட்டுக்கு எடுத்து வருகிறேன். டீ வாங்கிக் கொடுத்த இருவரும் அவசியம் வரவும், பாக்கி தீர்க்க வேண்டியிருக்கிறது.